பாத்திரம் தேய்த்தால் கோல்

ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் மேட்ச் முடியும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை என்று போன மார்ச்சில் ஒரு மகத்தான முடிவெடுத்தேன். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவன் நான். உட்காருவது எனக்குத் தொழில். ஆனால் காரணம் அதுவல்ல. உங்களிடம் மட்டும் சொல்கிறேன், காரணம் பாத்திரம்.

அர்ஜென்டினாவில் எல்லா வீட்டையும் போல எங்கள் வீட்டிலும் ஞாயிறு மதியம் ராவியோலி, பூரணம் வைத்த மாவுத்துண்டு. அதை வேகவைக்க ஒரு பெரிய அண்டா, சாஸுக்கு ஒரு சட்டி, மகள் குடும்பத்தோடு சேர்த்து ஒன்பது தட்டு. அவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிவிடுவார்கள். சமைப்பது என் மனைவி மாபெல், தேய்ப்பது நான். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் ஏற்பாடு. சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் மொலினோ ஆடும்.

மொலினோ எங்கள் அணி. மாவு மில் தொழிலாளிகள் ஆரம்பித்தது. நான் மாப்பிள்ளையான வருஷம் சாம்பியன். அந்த மார்ச்சில் கடைசிக்கு முந்தின இடம். கடைசி இரண்டு அணிகள் 'பி' டிவிஷனுக்கு இறங்க வேண்டும். துறைமுகக்காரர்களின் அணியான புவெர்த்தோ, வேண்டாம், வாயால் சொல்லவே பிடிக்கவில்லை, முதலிடம்.

அதையும் பொறுத்துக்கொள்வேன். பக்கத்து வீட்டு அன்செல்மோவைத்தான் பொறுக்க முடியவில்லை. அவன் புவெர்த்தோ வெறியன். ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பில் இரண்டு கண் வரைந்து, நடுவில் பெரிதாக 'பி' எழுதி, எங்கள் முற்றத்தைப் பார்த்த மாதிரி மொட்டைமாடியில் பேயாகக் கட்டிவிட்டான்.

"என்ன கிழவா, பேய் தூங்க விடுதா?" என்பான், நடுச்சுவருக்கு மேலே தலையை நீட்டி.

"இன்னும் சீசன் முடியலடா."

"நீங்க இறங்கற அன்னிக்கு இதை உன் வாசல்ல கட்டுவேன். நான் சாகற வரைக்கும் அவுக்க மாட்டேன்."

சொன்னதைச் செய்கிற ஆள். அப்புறம் அந்தப் பேய்க்கு அடியில் புகுந்துதான் நான் தினமும் ரொட்டி வாங்கப் போக வேண்டும்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. மாபெலிடம் போய் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன்.

"மாபெல், நான் ஒண்ணு கவனிச்சேன். போன ஞாயிறு நான் பாத்திரம் தேய்க்க எழுந்தேன், கோல் வாங்கினோம். அதுக்கு முந்தின ஞாயிறும் அப்படித்தான். நான் எழுந்திருக்கறது ராசியில்ல."

"அதனால?"

"மேட்ச் முடியற வரைக்கும் உக்காந்தே இருக்கணும். எனக்காக இல்ல, கிளப்புக்காக."

முக்கால் மணி நேரமாவது வாதாடுவாள் என்று பதினாறு பதில் தயாராக வைத்திருந்தேன். அவள், "சரி குண்டா" என்றாள். எங்கள் ஊரில் பெண்டாட்டி ஆசையாகக் கூப்பிட்டாலும் குண்டா, ஆத்திரமாகக் கூப்பிட்டாலும் குண்டா. ராகத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அன்று ராகமே இல்லை. நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

ஐந்து ஞாயிறு அப்படியே உட்கார்ந்து பார்த்தேன். ஆறாவது ஞாயிறு. நாற்காலியில் நான், கையில் எங்கள் ஊர் மூலிகைத் தேநீர் மாத்தே, எதிரே டிவி. மருமகன் புதிதாக இன்டர்நெட் பெட்டி ஒன்று மாட்டியிருந்தான். படம் கண்ணாடி மாதிரி இருக்கும். அன்செல்மோ சீசன் ஆரம்பத்திலேயே வாங்கிய அதே பெட்டிதான், பொறாமைப்பட்டு நானும் மாட்டச் சொல்லியிருந்தேன். இரண்டாம் பாதியில் அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"குண்டா, சீக்கிரம் வா. இந்த அண்டாவுல கை வை."

"ராசி, மாபெல்."

"அஞ்சு மேட்சா உக்காந்து பாத்தே, ஒரு கோல் வந்துச்சா? ஒரே ஒரு தடவை வா. ஓடி வா."

நியாயமாகத்தான் பட்டது. போனேன். அண்டாவுக்குள் கையை விட்டேன். ஹாலில் டிவி அலறியது. மொலினோ கோல். ஐந்து மேட்சுக்குப் பிறகு முதல் கோல்.

நானும் மாபெலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ராசி உக்கார்றதுல இல்ல போலிருக்கே குண்டா. கையை எடுக்காத, தேய்ச்சுக்கிட்டே இரு. எடுத்தா அவங்க போட்டுருவாங்க."

தேய்த்தேன். ஜெயித்தோம்.

அதன்பிறகு என் கதையைக் கேளுங்கள். அண்டா தேய்ந்து சல்லடையாகும் நிலைக்கு வந்தது. அடுத்து ஜன்னல், அடுத்து கூரைத் தகரத்தில் அடைத்த இலை, அடுத்து இருபது வருஷமாக நகராத அலமாரிக்குப் பின்னால் இருந்த தூசி. அவள் கூப்பிட்டால் கோல். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ஒருநாள் கொஞ்சம் மூச்சுவிட துடைப்பத்தைச் சாய்த்து வைத்தேன்.

"ஏன் நிறுத்தினே? எனக்கென்னவோ மனசு சரியில்ல" என்றாள். அவள் வாயை மூடுவதற்குள் எதிரணி கோல் போட்டது. மாபெலுக்கு ஞானதிருஷ்டி வந்துவிட்டது என்றே நம்பிவிட்டேன். துடைப்பத்தை அதற்குப் பிறகு கீழே வைத்ததில்லை.

கடைசிக்கு முந்தின மேட்ச். புவெர்த்தோ அதற்குள் சாம்பியனாகி, அன்செல்மோ பட்டாசு வெடித்து என் காதைக் கிழித்திருந்தான். மாபெல் முற்றத்தில் துணி எடுக்கப் போயிருந்தாள். நான் வினிகர் தேடி மாவு டப்பாவை நகர்த்தினேன். பின்னால் சின்ன ரேடியோ. தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தது. திடீரென்று அது "கோ...ல், மொலினோ" என்று இழுத்தது. ஹாலை எட்டிப் பார்த்தேன். டிவியில் எங்கள் கோல்கீப்பர் அப்போதுதான் பந்தைக் கீழே வைத்து, காலுறையைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

அரை நிமிஷம் கழித்து டிவியிலும் கோல் விழுந்தது.

அந்தப் பெட்டி அரை நிமிஷம் பிந்தி ஓடுகிறது. இவள் ரேடியோவில் கோலைக் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். ஒரு சீசன் முழுக்க. எனக்கு வந்த கோபத்தில் டப்பாவைத் தூக்கிப் போட்டிருப்பேன், மாவை நான்தான் கூட்ட வேண்டும் என்பதால் விட்டேன்.

கடைசி ஞாயிறு. ஜெயித்தால் தப்பிப்போம். டிரா ஆனாலும் 'பி'தான். மேட்ச் ஆரம்பித்ததும் ரேடியோவைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன்.

"இது என்ன?"

"ரேடியோ."

"எதுக்கு?"

"சமைக்கறப்ப பாட்டு கேக்க."

"எல்லாம் தெரிஞ்சுபோச்சு மாபெல். பேட்டரி என் பையில இருக்கு. இன்னிக்கு நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்."

"நான் எழுந்திருக்கச் சொன்னேனா? நல்லா உக்காரு" என்று பின்னல் ஊசியை எடுத்துக்கொண்டாள்.

உட்கார்ந்தேன். ராஜா மாதிரி உட்கார்ந்தேன். முதல் பாதி கோல் இல்லை. அறுபதாவது நிமிஷம் எங்கள் ஆள் கம்பத்தில் அடித்தான். எழுபதாவது நிமிஷம் வானத்தில் அடித்தான். மாத்தே ஆறிப்போனது. எண்பதாவது நிமிஷம் ஜன்னல் வழியாகப் பார்த்தால், மாடியில் பேய் காற்றில் என்னைக் கைகாட்டிக் கூப்பிடுகிறது. வாழ்க்கையில் எனக்கு இவ்வளவு பயம் வந்ததில்லை.

மாபெல் பின்னிக்கொண்டிருந்தாள்.

"நீ ஒண்ணும் சொல்லலையே" என்றேன்.

"நான் என்ன சொல்றது? அதான் எல்லாம் தெரிஞ்சுபோச்சே."

எண்பத்தாறு. எழுந்தேன்.

"தேய்க்கற நார் எங்க இருக்கு?"

"பாத்திரமெல்லாம் நானே கழுவிட்டேன். ஓவன்தான் பாக்கி."

அந்த ஓவன் எங்கள் கல்யாணத்துக்கு வாங்கியது. உள்ளே யாரும் போனதில்லை. மஞ்சள் ரப்பர் கையுறையை மாட்டி, மண்டியிட்டு, தலையை உள்ளே விட்டேன். எத்தனையோ வருஷத்துக் கரி. தேய்த்தேன், அழுகிற மாதிரியே தேய்த்தேன். ஹாலில் ஏதோ வெடித்தது. தலையை நிமிர்த்தியதில் ஓவன் கூரையில் முட்டிக்கொண்டேன். மொலினோ கோல். தப்பித்தோம்.

மாபெலைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். பிறகு அன்செல்மோவை ஒரு வழி பண்ணிவிட வேண்டும் என்று முகமெல்லாம் கரியோடு அவன் வீட்டு மொட்டைமாடிக்கு ஓடினேன்.

அன்செல்மோ அங்கேதான் இருந்தான். பேயை அவிழ்த்து, பக்கெட்டில் முக்கி, 'பி' எழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். முழங்கை வரை மஞ்சள் ரப்பர் கையுறை. அவன் என் கையைப் பார்த்தான். நான் அவன் கையைப் பார்த்தேன்.

அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "உங்க வீட்ல ரேடியோ எங்க?"

"மாவு டப்பாவுக்குப் பின்னாடி."

"எங்க வீட்ல சர்க்கரை டப்பா. உன் பெண்டாட்டிக்கு இதைச் சொல்லிக் குடுத்ததே என் எல்சாதான்."

"எப்ப கண்டுபிடிச்சே?"

"ஏழாவது மேட்ச்ல."

"தெரிஞ்சுமா தேய்க்கிறே?"

"இருபத்திரண்டு மேட்ச் ஜெயிச்சிருக்கோம் கிழவா. நிறுத்திப் பாக்கற தைரியம் உனக்கு இருக்கா?"

நான் தலையில் வீங்கிய இடத்தைத் தடவிக்கொண்டேன். முதல் முறையாக அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சாம்பியன் வீட்டுத் தரை கண்ணாடி மாதிரி மின்னுவதன் ரகசியமும் புரிந்தது.

கீழே இரண்டு முற்றத்திலும் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். மாபெல்தான் பேசினாள்.

"அடுத்த மாசம் அர்ஜென்டினா ஆடுது. அதுல நீங்க ரெண்டு பேரும் ஒரே கட்சிதானே? நடுச்சுவருக்கு ஆளுக்கொரு பக்கமா வெள்ளையடிச்சிருங்க."