கொஞ்சம் ஓரங்கட்டுங்கம்மா

"கொஞ்சம் ஓரங்கட்டுங்கம்மா."

"இப்பத்தானே மாஸ்டர் கிளம்பினோம்?"

"ஓரங்கட்டுங்கன்னா ஓரங்கட்டுங்க!"

வங்கியில் கேஷியராக இருக்கும் அந்த அம்மா பதறிப்போய் பிரேக்குக்குப் பதிலாக கிளட்சை மிதித்தார். மாஸ்டர் தன் காலடியில் இருந்த பயிற்சி பிரேக்கை ஓங்கி மிதிக்க, கார் குலுங்கிக்கொண்டு பெட்ரோல் பங்க் வாசலில் நின்றது.

"டேங்க்ல பெட்ரோல் நிறைய இருக்கே மாஸ்டர்?"

"பெட்ரோல் போட வரல. அதோ, அந்த ரெண்டு வண்டிக்கும் நடுவுல ரிவர்ஸ் எடுத்து நிறுத்திப் பழகுங்க. நான் வெளியில நின்னு பார்க்கறேன்."

சொன்னவர் வெளியில் நிற்கவில்லை. கதவைத் திறந்ததும் பங்கின் பின்பக்கத்துக் கழிப்பறையை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார். திரும்பி வந்தபோது முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்கு ஆயுசு அடுத்த சிக்னல் வரைக்கும்தான் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவர் வெகுகாலமாக மாஸ்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தாலே கை நடுங்கும் ஆட்களையெல்லாம் திட்டித் திட்டியே ஓட்ட வைத்தவர். தெருமுனையில் அவர் திட்டினால் அடுத்த தெருவில் போகிறவன் கியர் மாற்றுவான் என்று சொல்வார்கள்.

அப்படிப்பட்டவருக்குச் சில வாரங்களுக்கு முன்னால் வந்தது உரிமம் புதுப்பிக்கும் நேரம். உடல் தகுதிச் சான்றிதழுக்காக டாக்டரிடம் போனார். டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, இன்னொரு கையிலும் சுற்றிப் பார்த்தார்.

"பிபி ரொம்ப ஜாஸ்தியா இருக்கே. தலைவலி, தலைசுத்தல் ஏதாவது உண்டா?"

"ஒண்ணும் கிடையாது. கல்லு மாதிரி இருக்கேன்."

"அதான் பிபியோட குணம். சத்தமே போடாது. கண்டுக்காம விட்டீங்கன்னா கிட்னியில இருக்கற பொடி ரத்தக்குழாய் எல்லாம் கெட்டுப்போயிடும். அப்புறம் யூரின்ல கோளாறு வரும். கிட்னி கெட்டா பிபி இன்னும் ஏறும். இந்த மாத்திரையைத் தினம் ஒண்ணு போடுங்க. இது என்ன பண்ணும்னா..."

அது என்ன பண்ணும் என்று டாக்டர் விளக்கமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த நேரத்தில், "சத்தமே போடாத வியாதிக்கு நான் எதுக்கு டாக்டர் மாத்திரை திங்கணும்?" என்று மாஸ்டர் சத்தம் போட்டுக்கொண்டிருந்ததால் அது அவர் காதில் விழவில்லை.

மருந்துச் சீட்டை வீட்டில் காட்டினார். பள்ளியிலும் எல்லோரிடமும் காட்டினார், ஏதோ அநியாயமாகப் போட்ட அபராதச் சீட்டைக் காட்டுவதுபோல.

"மாத்திரை என் நாக்குல படாது. ஒரு தடவை ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விடாது. நடந்தே சரி பண்ணிக் காட்டறேன் பாருங்க."

வீட்டில் மனைவி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பள்ளியை நடத்தும் மேடமும் தன் பங்குக்குச் சொல்லிப் பார்த்தார். பிறகு இருவருமே வாயை மூடிக்கொண்டார்கள். மாஸ்டர் அதைத் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டார்.

நடைப்பயிற்சி இரண்டு நாள் நடந்தது. மூன்றாம் நாள் காலையில் ஷூவை மாட்டும்போது 'கிட்னி' என்ற சொல் அவர் மண்டைக்குள் மணியடித்தது. தெரிந்தவர் ஒருவர் வாரம் இருமுறை ஆஸ்பத்திரியில் மெஷினோடு படுத்துக் கிடப்பதை அவர் பார்த்திருக்கிறார். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு நேராக மருந்துக் கடைக்குப் போனார்.

வாங்கிய மாத்திரையை எங்கே வைப்பது? அத்தனை பேர் முன்னால் அவ்வளவு ஜம்பமாகப் பேசிவிட்டு, பயந்துபோய் மாத்திரை விழுங்குகிறேன் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? காரின் டேஷ்போர்டுப் பெட்டியில், கண்ணாடி துடைக்கும் துணிக்கு அடியில் ஒளித்தார். தினமும் முதல் வகுப்புக்கு முன்னால், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, திருட்டு சிகரெட் பிடிக்கும் பையனைப்போல ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். வெளியில் சபதமும் குறையவில்லை, உள்ளே மாத்திரையும் நிற்கவில்லை.

தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. போய்விட்டு வந்தால் மறுபடி வந்தது. வராது என்று நம்பி உட்கார்ந்தால் உடனே வந்தது. டாக்டர் சொன்னதில் காதில் விழுந்த பாதி அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது: யூரினில் கோளாறு வரும்.

வந்துவிட்டது! கிட்னி போச்சு!

முதல் வைத்தியமாகத் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். காபி, டீயை மட்டும் நிறுத்தவில்லை, அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மதியத்துக்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, தாங்க முடியாமல் ஒரு பெரிய பாட்டிலை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். அன்று சாயங்காலம் பயிற்சிக் கார் நகர்ந்ததைவிட நின்றதுதான் அதிகம்.

அடுத்ததாகப் பாதையை மாற்றினார். பெட்ரோல் பங்க், நூலகம், பஸ் நிலையம், ஆஸ்பத்திரி, மறுபடி பெட்ரோல் பங்க். ஊரில் எந்தக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் உண்டு, எதைக் காலால் முட்டுக்கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒவ்வொரு இடத்திலும் மாணவர்களுக்கு ஒரே பாடம்: "ரிவர்ஸ் எடுத்து நிறுத்துங்க, நான் பார்க்கறேன்."

கேஷியர் அம்மா எந்தச் சந்திலும் காரைச் செருகக் கற்றுக்கொண்டார். மூன்றாவது கியர் என்று ஒன்று இருப்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

மேடம் ஒரு நாள் கூப்பிட்டார்.

"மாஸ்டர், உங்க மேல புகார் வந்திருக்கு."

"நான் இப்பல்லாம் யாரையும் திட்டறதே இல்லையே மேடம்?"

"அதான் புகாரே! முன்னாடி திட்டினாலும் பக்கத்துல இருப்பீங்களாம். இப்ப திட்டறதுக்குக்கூட வண்டியில ஆள் இல்லைங்கறாங்க. எங்கதான் போறீங்க?"

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்று மாஸ்டருக்குப் பயம். பயத்தில் வாய் தானாக ஓடியது.

"அது புது முறை மேடம். மாஸ்டர் பக்கத்துலயே இருந்தா அவங்களுக்குத் தன்னம்பிக்கை எப்படி வரும்? அதான் விலகி நின்னு கவனிக்கறேன்."

"அப்படியா? ரொம்ப நல்ல முறையா இருக்கே. நாளைக்கு நானும் பின்சீட்டுல உக்காந்து பார்க்கறேன்."

மறுநாள் வகுப்பு கேஷியர் அம்மாவுக்கு. பின்சீட்டில் மேடம். பங்க் வந்தது, மாஸ்டர் ஏக்கத்தோடு பார்த்தார், பங்க் பின்னால் போயிற்று. நூலகமும் அப்படியே போயிற்று. மாஸ்டர் கால் மேல் கால் போட்டார். பிறகு காலை மாற்றிப் போட்டார். நெற்றி வியர்த்தது.

"கொஞ்சம் வேகமாப் போங்கம்மா."

"இதுக்கு மேல போகாதே மாஸ்டர், கத்துதே!"

"மூணாவது கியர் போடுங்க!"

"எது மாஸ்டர் அது?"

"ஐயோ, இந்தக் குச்சியை அப்படியே மேல தள்ளுங்கம்மா! வலது பக்கம் திரும்புங்க! ஹாரன் அடிங்க! அடிச்சுக்கிட்டே போங்க!"

வாழ்க்கையில் முதல் தடவையாகக் காற்று முகத்தில் அடிக்க ஓட்டிய கேஷியர் அம்மாவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. நிறுத்து என்று சொன்ன பிறகும் அரைத் தெரு தள்ளித்தான் நிறுத்தினார். எதிரே ஏதோ ஒரு வீடு. மாஸ்டர் குதித்து இறங்கி மணியை அழுத்தினார். ஒரு பெரியவர் கதவைத் திறந்தார்.

"தண்ணி மீட்டர் பார்க்கணும் சார்."

"மீட்டர் வாசல்லதானே இருக்கு?"

"அப்ப பாத்ரூம் குழாய் பார்க்கணும் சார்! அவசரம் சார்!"

பெரியவர் அவருடைய முகத்தைப் பார்த்தார், நிற்கும் விதத்தைப் பார்த்தார், வழி விட்டார். நல்ல மனிதர்.

மாஸ்டர் வெளியே வந்தபோது மேடம் காரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"மாஸ்டர், உண்மையைச் சொல்லுங்க."

"கிட்னி போச்சு மேடம்." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

மேடத்தின் முகம் மாறிவிட்டது. "உடனே டாக்டரைப் பாருங்க. அவர் சரின்னு எழுதிக் கொடுக்கற வரைக்கும் நீங்க வண்டியைத் தொடக் கூடாது. சொல்லிட்டேன்."

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இருவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் கேட்டார்கள். கேட்டதும் மாஸ்டர் கொடுத்தது அது ஒன்றைத்தான். முடிவுக்காக நடைக்கூடத்தில் காத்திருந்தபோது மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படிப் பிடித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. இன்னும் கொஞ்ச காலம் இவளோடு இருக்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொண்டார்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் தாள்களைப் புரட்டினார்.

"கிட்னி அருமையா இருக்கு. யூரின்ல புரதம் கொஞ்சம்கூடக் கசியல."

மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்து டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மனைவி மறுபடி அழுதார், ஆனால் இது வேறு அழுகை.

"பிபியும் இறங்கியிருக்கு," என்றார் டாக்டர் கையை விடுவித்துக்கொண்டு. "சொல்லப்போனா தேவைக்கு மேலயே இறங்கியிருக்கு. மாத்திரை ஒழுங்காப் போடறீங்க போல."

"தினம் போடறேன் டாக்டர்."

"இவர் தொடவே மாட்டார் டாக்டர்."

இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் வந்தன. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னது, போடறீங்களா?"

"கார்ல ஒளிச்சு வெச்சு... பயந்துட்டேன்னு நீ சிரிப்பியேன்னுதான் சொல்லல."

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டார். "அடக் கடவுளே! அப்ப நான் காபியில பொடிச்சுப் போட்டதெல்லாம்?"

டாக்டரின் பேனா நின்றது.

"காலைக் காபியில மட்டும்தான் டாக்டர் போட்டுக்கிட்டிருந்தேன். அடிக்கடி எழுந்து எழுந்து போறாரே, கிட்னிக்கு ஆபத்தாச்சேன்னு அப்புறம் சாயங்காலக் காபியிலயும்..."

"அம்மா! உடம்புல இருக்கற உப்பையும் தண்ணியையும் ஒண்ணுக்கா வெளியேத்தித்தான் இந்த மாத்திரை பிபியைக் குறைக்குது. அன்னிக்கே இவர்கிட்ட விளக்கமாச் சொன்னேனே?"

"நான் அப்ப சண்டை போட்டுக்கிட்டிருந்தேன் டாக்டர்," என்றார் மாஸ்டர் பணிவாக. பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "காபி கசக்குதுன்னு சொன்னப்ப நாக்கு செத்துப்போச்சுன்னு சொன்னியேடி!"

"மருந்துன்னு சொன்னா குடிச்சிருப்பீங்களா?"

டாக்டர் இருவரையும் ஒரு பிடி பிடித்தார். வண்டி ஓட்டும்போது மயக்கம் போட்டு விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒருவருக்குத் தெரியாமல் அவருக்கு மருந்து கொடுப்பது வைத்தியமா? இனிமேல் ஒரே மாத்திரை, காலையில், அவர் கையால் அவரே போட்டுக்கொள்வது, வேறு யாரும் கிட்டே வரக் கூடாது. கடைசியில் ரத்தப் பரிசோதனைத் தாளை மட்டும் இன்னொரு முறை பார்த்துவிட்டு, "மூணு மாத்திரைக்கு உப்பு இவ்வளவு இறங்காதே," என்று முணுமுணுத்தார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெளியே வந்ததும் இருவரும் படியில் உட்கார்ந்து சிரித்தார்கள். சிரித்துச் சிரித்து மனைவிக்கு விக்கல் வந்துவிட்டது. மாஸ்டருக்கு உடம்பு பஞ்சாக இருந்தது. கிட்னி இருக்கிறது, வேலை இருக்கிறது, இனிமேல் ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. முதல் வேலையாக மேடத்துக்குப் போன் போட்டார், மனைவியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில்.

"மேடம், கிட்னிக்கு ஒண்ணும் இல்ல! எல்லாம் அந்த மாத்திரை பண்ணின வேலை. நான் ஒரு பக்கம் திருட்டுத்தனமாப் போட்டுக்கிட்டிருந்தேன், எனக்குத் தெரியாம இவ ஒரு பக்கம் காபியில கலந்துக்கிட்டிருந்தா. இனிமே ஒண்ணே ஒண்ணு போதுமாம்!"

மாஸ்டர் போனை உலுக்கிப் பார்த்தார்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் மாஸ்டர்," என்றது மிகவும் சன்னமான ஒரு குரல். "அப்ப ஆபீஸ் டீயில நான் கலக்கறதையும் இன்னியோட நிறுத்திடட்டுமா?"