டச்சு வீராங்கனையை நான் கவிழ்த்த ஞாயிற்றுக்கிழமை

தனியாக வாழ்கிறவர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. யார் எதற்குக் கூப்பிட்டாலும் "சரி" என்று சொல்லிவிடுவோம். அலுவலகத்தில் தீயணைப்புப் பயிற்சிக்கு ஆள் கேட்டபோது முதலில் கை தூக்கியது நான்தான். அடுத்த தெருவில் ஒரு பூனையின் பிறந்தநாளுக்குக்கூடப் போயிருக்கிறேன் (கேக் நன்றாகவே இருந்தது).

படிக்க வந்து, வேலை கிடைத்து, லண்டனிலேயே தங்கிவிட்ட மலேசியாவின் ஈப்போக்காரி நான். வால்தம்ஸ்டோவில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறேன். மேல்தளத்தில் ஆன்னகே. என்னைப் போலவே நாற்பதைத் தாண்டியவள், என்னைப் போலவே ஒற்றை ஆள். ஒரு காலத்தில் நெதர்லாந்துக்காக ஐஸில் வேகச் சறுக்குப் போட்டிகளில் ஓடியவள். இது தெரிந்தும்தான் அந்த வினையில் மாட்டினேன்.

ஒரு ஞாயிறு காலை கதவைத் தட்டினாள். "ஐஸ் ரிங்க்குக்குப் போறேன். ரொம்ப வருஷம் ஆச்சு. தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு. உனக்குச் சறுக்கத் தெரியுமா?"

"தெரியுமே!" என்றேன்.

முழுப்பொய் இல்லை. பள்ளி நாளில் கோலாலம்பூர்ப் பேரங்காடி ஒன்றில், ஓரத்துக் கம்பியைப் பிடித்தபடி ஒரு சுற்று வந்திருக்கிறேன். கம்பி இல்லாத இடத்தில் தங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு ஸ்வெட்டர், கம்பளிக் குல்லாய், விழுந்தால் அடிபடாமலிருக்க உள்ளே ஒரு குளியல் துண்டு என்று சலவைக்குப் போகும் மூட்டை போலப் போய்ச் சேர்ந்தேன். ஆன்னகே ஐஸில் இறங்கினாள். முதுகை வளைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் போனபோது, பிறந்தநாள் கொண்டாட வந்திருந்த குழந்தைகள் சறுக்குவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நான் கம்பியோடு கம்பியாக நின்றேன்.

ஒரு சுற்று முடித்து வந்தவள் கையை நீட்டினாள். "வா!"

"சரி" என்றேன். (வேறென்ன சொல்வேன்?)

நாலு கஜம்கூடப் போயிருக்க மாட்டோம். என் கால்கள் இரண்டும் இரண்டு திசையில் கிளம்பின. "ஐயோ அம்மா!" என்று அலறி, அகப்பட்டதைக் கட்டிப்பிடித்தேன். அகப்பட்டது ஆன்னகேயின் இடுப்பு. இருவரும் சுழன்றுகொண்டே போய்ப் பிறந்தநாள் கூட்டத்தின் நடுவே விழுந்தோம். யாரோ ஒருவருடைய அப்பாவும் எங்களோடு விழுந்தார். ஒரு பலூன் வெடித்தது. எழுந்து பார்த்தால் என் மணிக்கட்டு, மணிக்கட்டுகள் வளையக்கூடாத பக்கம் வளைந்திருந்தது.

மருத்துவமனையில் நெடுநேரம் காத்திருந்தோம். அப்போதுதான் ஆன்னகே தன் பழைய கதையைச் சொன்னாள்.

"நான் எப்பவும் நாலாவதா வர்ற ஆளு. ஒரே ஒரு தடவைதான் முன்னாடி இருந்தேன். கடைசி வளைவு. பிளேடு நுனி ஐஸ்ல மாட்டிக்கிச்சு. சறுக்கிப்போய் ஓரத்து மெத்தையில மோதினேன். மெத்தையில ஈர வாடை. கூட ஓடினவ தாண்டிப் போறா, அரங்கமே அவளுக்குக் கை தட்டுது. நானே எழுந்து முடிச்சேன். அப்புறம் முட்டி சரியாகவே இல்ல. விட்டுட்டேன்."

"ஓடிவந்து தூக்க யாரும் இல்லையா?"

"ஆளுக்கொரு பாதை. இன்னொருத்தர் மேல படவே கூடாது. அத்தனை வருஷத்துல ஐஸ் மேல என்னைக் கட்டிப்பிடிச்ச ஒரே ஆள் நீதான்."

சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கை வலித்தது, அழுகையும் வந்தது.

தாதி யாழ்ப்பாணத்துப் பெண்மணி. என் பெயரைப் பார்த்ததும் தமிழில் தொடங்கிவிட்டார். "பயப்பிடாதேங்கோ தங்கச்சி, கட்டுப் போட்டால் சரியாயிடும். ஆருக்கு அறிவிக்க வேணும்? இஞ்ச உங்களுக்கு ஆர் இருக்கினம்?"

யோசித்தேன். அம்மா, தங்கை, எல்லாரும் மலேசியாவில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். இத்தனை வருடம் இருந்த ஊரில் சொல்ல ஒரு பெயர் வாயில் வரவில்லை. "ஒருத்தரும் இல்ல" என்றேன். அதைச் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆன்னகேவுக்குத் தமிழ் புரியாது. என் முகமும் தாதி கையிலிருந்த படிவமும் புரிந்திருக்க வேண்டும். "என் பேரை எழுதிக்கோங்க" என்றாள்.

தாதி ஆங்கிலத்துக்கு மாறினார். "நீங்க இவவுக்கு என்ன முறை?"

ஆன்னகே சற்று யோசித்தாள். "இவள் என்னைக் கவிழ்த்தவள்."

மறுநாள் விஷயம் ஈப்போவுக்குப் போனது. தங்கை வீடியோவில் கட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "என்னாக்கா, இந்த வயசுல ஒனக்கு இதெல்லாம் தேவையா லா?" (எங்கள் ஊர்ப் பேச்சில் எதற்கும் வாலாக ஒரு 'லா' உண்டு.) பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து அவள் பிள்ளைகளுக்கு நான் 'ஐஸ் கச்சாங் பெரியம்மா'. ஐஸ் கச்சாங் என்பது எங்கள் ஊரில் துருவிய பனிக்கட்டியைக் குவித்து, மேலே பாகு ஊற்றித் தரும் இனிப்பு. தொட்டால் சரிந்துவிடும்.

குடும்பத்தில் யார் குளிரூட்டியைப் போட்டாலும், யார் ஈரத்தரையில் வழுக்கினாலும் என் பேச்சு வந்துவிடுகிறதாம். பிள்ளைகள் உடனே குரல் செய்தி அனுப்புவார்கள்: "பெரியம்மா, விழுந்துட்டீங்களா லா?" பின்னால் வீடே சிரிக்கும் சத்தம் கேட்கும். வேலை முடிந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், சமையலறையில் நின்று அதை இரண்டு முறை போட்டுக் கேட்பேன். பிறகு, "இன்னும் இல்லை" என்று பதில் அனுப்புவேன்.