ஹெலிகாப்டர் அண்ணனும் எடை மெஷினும்

தேனி மாவட்டத்திலேயே, வீட்டுக்கு வந்தவர்களை ‘வாங்க’ என்று சொல்வதற்கு முன் எடை போட்டுப் பார்க்கிற ஒரே மனிதர் பழனிசெட்டிபட்டி ஹெலிகாப்டர் அண்ணன்தான்.

கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்கு ஆட்களைக் கொண்டுபோகும் ஒரு ஹெலிகாப்டர் கம்பெனியில் முப்பது வருஷம் இருந்தவர். ஏறுகிற ஆளையும் பெட்டியையும் எடை போட்டு எழுதுவது வேலை. ஓய்வு பெற்றபோது பழைய மெஷினைக் கேட்டு வாங்கி, ரயிலில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டார்.

‘எழுபத்தெட்டு கிலோ’ என்று சொல்லிக்கொண்டே நானும் ஏறினேன். முள் எண்பத்து மூன்றில் நின்றது.

“மிச்ச அஞ்சு கிலோவ யாருப்பா தூக்குறது? பைலட்டா?”

“செருப்புண்ணே.”

“கழட்டிட்டு ஏறு.”

கழற்றினேன். முள்ளுக்கு இங்கிதம் தெரியவில்லை.

கம்பெனியின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்களாம். பழைய ஊழியர்கள் ஒரு பக்கம் எழுதி அனுப்பலாமாம். வார இதழில் எழுதுகிறவன் என்பதால், அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

“என் பேரு வேணாம்ப்பா. நான் இருந்தவரைக்கும் பொய் எடையில ஒருத்தரும் பறக்கலைன்னு ஒரு வரி. அது மட்டும் வந்துரணும்.”

ஒரு தகரக் கொட்டகை, ஒரே ஒரு ஹெலிகாப்டர் என்று கம்பெனி தொடங்கியதிலிருந்து சொன்னார். ஒருமுறை அண்ணன் ஆசையாகக் கொண்டுபோய்க் கொடுத்த சின்னமனூர் வாழைத்தாரோடு முதலாளியே ஏற வந்திருக்கிறார்.

“ஒண்ணு தாரு எறங்கணும், இல்ல நீங்க எறங்கணும்னேன். மொறைச்சாக. தாரு எறங்கிருச்சு. ஒரு வாரம் பேச்சில்ல. ரெண்டாவது ஹெலிகாப்டர் வந்தப்ப, அங்கனயும் எடைக்கு என்னையத்தான் நிக்கச் சொன்னாக!”

ஏழு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். ‘நீலக்கடல் மேல் இரும்புத் தும்பி’ என்று தொடக்கம்.

“இந்தத் தும்பிக்கு இங்கன என்னப்பா வேலை? எறக்கு.”

தும்பி இறங்கியது. பின்னாலேயே நீலமும் இறங்கியது. கடைசியில் ஒரு பக்கம் கிளம்பிப் போனது.

சென்ற மாதம் புத்தகம் வந்தது. வழவழ தாளில் முதலாளிகள், மாலைகள், ரிப்பன் வெட்டும் கைகள். அந்த வரி இல்லை. அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து இன்னொரு தடவை புரட்டினார். அப்புறம் புத்தகத்தைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

“இப்பவே ரெண்டு கிலோ இருக்கும். நம்ம வரியும் ஏறியிருந்தா ஓவர்லோடுப்பா” என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

வார இதழில் எனக்கு ஒதுக்கியிருப்பது ஒரே பக்கம்தான். ஆனாலும் ஏற்றிவிடுகிறேன்: ஹெலிகாப்டர் அண்ணன் இருந்தவரைக்கும் பொய் எடையில் ஒருத்தரும் பறக்கவில்லை.

நான் எண்பத்து மூன்று. செருப்பு இல்லாமல்.