குன்றின்மேல் உள்ள பெட்டியை வீட்டிலிருந்து பார்ப்பது குறித்து

மின்னசோட்டாவின் வடக்கே இருக்கும் எங்கள் டால்கிரென் ஊருக்குத் தண்ணீர் தரும் தொட்டி, ஊரிலிருந்து பதினான்கு மைல் தள்ளி ஒரு குன்றின்மேல் இருக்கிறது. தொட்டி கட்டிய காலத்தில், ஊர் அந்தத் திசையில்தான் வளரும் என்று நகர மன்றம் ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. ஊர் அந்தத் தீர்மானத்தைப் படிக்கவில்லை.

குளிர்காலத்தில் தொட்டித் தண்ணீர் உறையாமலிருக்க ஒரு ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். அதைக் கவனிக்க, தொட்டியறைச் சுவரில் ஒரு பெட்டி. பெட்டியின் முகப்பில் தண்ணீரின் சூடு, ஃபாரன்ஹீட் கணக்கில், ஓர் எண்ணாகத் தெரியும். நாற்பத்தொன்று என்றால் நலம். முப்பத்திரண்டு என்றால் பனிக்கட்டி.

வெர்னா ஹாக்லண்ட் பத்தொன்பது வருடமாகத் தண்ணீர்ப் பொறுப்பில் இருக்கிறார். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, பனிச் சாலையில் டிரக்கை ஓட்டிப் போய் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். ஒரு ஜனவரியில் டிரக் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. இழுத்துவிட வண்டி வரும்வரை இரண்டு மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தவர், பொழுது போகாமல் பெட்டியின் கையேட்டைப் புரட்டினார். பெட்டிக்குள்ளேயே ஓர் இணையப் பக்கம் இருப்பதாகவும், வெளியிலிருந்து வர வழி திறந்துவிட்டால் உலகின் எந்த மூலையிலிருந்தும் அந்த எண்ணைப் பார்க்கலாம் என்றும் அறுபத்தோராம் பக்கத்தில் எழுதியிருந்தது. வெர்னாவுக்கு உலகின் எந்த மூலையும் வேண்டாம். அவர் வீட்டுச் சமையலறை மேசை போதும்.

அந்த வழியைத் திறக்க அனுமதி தர வேண்டியவர், வட்டார அலுவலகத்தின் தகவல் பாதுகாப்பு அதிகாரி லோவெல் பிராட்வோல்ட். மிகவும் மரியாதையான மனிதர். யாருடைய கோரிக்கையையும் மறுத்ததில்லை. படிவம் கொடுப்பார்.

"வீட்டிலருந்து பாக்கிறது நீங்கதான்னு எங்களுக்கு எப்படித் தெரியும், வெர்னா?" என்று கேட்டார்.

"வேற யாரு பாக்கப் போறா? தண்ணி எவ்வளவு சூடா இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணுவாங்க?"

"அது நமக்குத் தெரியாதே. தெரியாததுனாலதான் பாதுகாப்பு."

முப்பத்தாறு வாரம் கழித்து, குளிர்காலமும் முடிந்து மறு குளிர்காலம் எட்டிப் பார்க்கும் வேளையில், அனுமதி வந்தது. ஒவ்வொரு முறை நுழையும்போதும் ஒரு ரகசிய எண் கேட்கும். அந்த எண், 'சாதனம் அமைந்துள்ள இடத்தின் பதிவுபெற்ற தொலைபேசிக்கு' வரும். அதாவது, குன்றின்மேல் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கும் போனுக்கு. எண்ணின் ஆயுள் ஐந்து நிமிடம்.

வெர்னா நகர மன்றத்திடம் வந்தார். மன்றத்தில் நாங்கள் ஐந்து பேர். நான் ஊரில் ஆணி, சுத்தியல், பனி வாரும் மண்வெட்டி விற்கிறவன். நிலைமையை ஆழ்ந்து பரிசீலித்து, தொட்டியறையில் உட்கார்ந்து போனை எடுக்க டுவேன் ஆஸ்ட்பியை நியமித்தோம். பெட்டியைப் பார்க்கும் அனுமதி டுவேனுக்குக் கிடையாது என்று லோவெல் நினைவூட்டினார். ஆகவே பெட்டியின்மேல் ஒரு துண்டு போடப்பட்டது. நாற்காலியும் சுவரைப் பார்த்துத் திருப்பப்பட்டது.

அப்புறம் தினமும் காலையில் டுவேன் பதினான்கு மைல் ஓட்டிப் போவார். ரகசிய எண் வந்ததும் வெர்னாவுக்குப் போன் போட்டுப் படிப்பார். ஒருநாள் வெர்னாவின் கணினி மக்கர் செய்தது.

"டுவேன், ஹீட்டர் ஓடுற சத்தமாவது கேக்குதா?"

"கேக்க எனக்கு அனுமதி இருக்கான்னு தெரியல, வெர்னா."

இதற்குள் பக்கத்து ஊரில் புதிய மோகம் ஒன்று கிளம்பியிருந்தது. 'வெளிப்படையான நிர்வாகம்' என்று சொல்லி, பனி அள்ளும் வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது என்பதை எல்லாருடைய போனிலும் காட்டினார்கள். நாங்கள் மட்டும் இருட்டிலா இருப்பது? தொட்டியின் எண்ணை மக்கள் அனைவரும் பார்க்கலாம், ரகசிய எண் தேவையில்லை என்று ஐந்து கைகளும் உயர்ந்தன. ஊரே பார்த்தால் திருடன் தனியாக வந்து பார்க்க அவசியம் இராது என்று லோவெலும் ஒப்புக்கொண்டார். டுவேனைத் திரும்ப அழைத்துக்கொண்டோம். ஆயிரத்து நூறு பேர் பார்க்கும்போது வீண் பயணம் எதற்கு என்று வெர்னாவின் டிரக்கையும் நிறுத்தினோம்.

ஊருக்கு அந்த எண் மிகவும் பிடித்துப்போனது. தேவாலய வாசலில் வணக்கம் சொல்வதற்கு முன்பே, "இன்னிக்கு நாப்பத்தொண்ணு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

பிப்ரவரியில், ஏரிப் பனியைத் துளைத்து மீன்பிடிக்கும் போட்டியன்று, காலையிலேயே எண் முப்பத்தெட்டு. பத்து மணிக்கு முப்பத்தாறு. ஏரியில் இருந்தவர்கள் தூண்டிலை ஒரு கையிலும் போனை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு கவலைப்பட்டார்கள். யாரோ சோக முகப் பொம்மை ஒன்றை ஊருக்கெல்லாம் அனுப்பினார். பலருக்குப் பக்கம் திறக்கவில்லை. திறந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

பக்கம் திறக்காதவர்களில் வெர்னாவும் ஒருவர். மேசை முன்னால் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். 'பிறகு முயலவும்' என்றே வந்தது. கடைசியில் டிரக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஹீட்டரின் மின்சுவிட்ச் கீழே விழுந்து அணைந்திருந்தது. தூக்கிவிட ஒரு விநாடிதான். ஆனால் அவர் போய்ச் சேர்வதற்குள் குழாய் உறைந்துவிட்டது. இரண்டு நாள் ஊரே பனியை உருக்கிக் காப்பி போட்டது.

விசாரணைக் கூட்டத்துக்கு மொத்த ஊரும் வந்தது. வெர்னா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எண் எறங்குறதப் பாத்தீங்களே. யாராவது எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே?"

நீயும் பார்த்துக்கொண்டுதான் இருப்பாய் என்று நினைத்தோம் என்று ஊர் பதில் சொன்னது. வெர்னாவுக்குப் பக்கம் ஏன் திறக்கவில்லை என்று டுவேன் கேட்டார். அது சின்னப் பெட்டி, ஒரே நேரத்தில் நான்கு பேருக்குத்தான் பதில் சொல்லும் என்றார் லோவெல். அன்று காலை முழுக்க அந்த நான்கு இடங்களையும் யார் பிடித்து வைத்திருந்தார்கள் என்ற பட்டியலையும் எடுத்து வந்திருந்தார். கடமை தவறாமல் வாசித்தார். முதல் இடம், கண்காணிப்புக்காக அவரே. இரண்டாவது, மேயர். மூன்றாவது, பழக்கம் விடாத டுவேன். நான்காவது, என் கடைக் கணினி. நவம்பரில் திறந்தது, மூடவே இல்லை.

வெர்னா என் பக்கம் திரும்பினார். "கடைசியா எவ்வளவு இருந்துச்சு?"

"முப்பத்துமூணு," என்றேன்.

சரியாகத்தான் சொன்னேன். நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவனாயிற்றே.