கால்வாசியில் நின்ற முள்

"உன் தங்கச்சி வீட்டுக்காரர் வண்டியில முள் கால்வாசியைத் தாண்டல. நம்ம வண்டியில மட்டும் பாதிக்கு வந்து நிக்குது," என்றார் நூலகர்.

"நின்னுட்டுப் போகட்டுமே," என்றாள் மனைவி.

"ரெண்டும் ஒரே மாடல், ஒரே வருஷம், இருபத்திரண்டு வயசு. அவருதுக்கு மட்டும் சூடே ஏறாதாமா?"

சகலையின் காரில் முன்சீட்டில் உட்கார்ந்து எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்த நாளிலிருந்து நூலகருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மெக்கானிக்கிடம் ஓடினார்.

"பாதியில நின்னா நல்ல எஞ்சின் சார். எஞ்சினைக் குளிர வெக்கிற கூலன்ட் குறையாம பாத்துக்குங்க, போதும். வேற எதுலயும் கை வெக்காதீங்க."

சகலையும் இந்த மெக்கானிக்கிடம்தான் வண்டியை விடுகிறார். ரகசியத்தை அவருக்கு மட்டும் சொல்லியிருக்கிறான் என்று நூலகர் முடிவுகட்டினார்.

வீட்டுக்கு வந்து, பச்சைத் தண்ணீர்தான் குளிர்ச்சி என்று கூலன்ட்டை வடித்துவிட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றினார். உள்ளே காற்று அடைத்துக்கொண்டது. முள் முக்கால்வாசிக்கு ஏறியது.

"எங்கயோ ஒழுகுது," என்று ஒழுகலை அடைக்கும் பொடி வாங்கி இரண்டு மடங்காகக் கொட்டினார். ஒழுகல் எதுவும் இல்லாததால் பொடி ரேடியேட்டரையே அடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் இரண்டு கார்களில் மாமனார் வீட்டுக்குக் கிளம்பின. பாதி வழியில் முள் சிவப்பைத் தொட்டது.

"நிறுத்துங்க, கருகுற வாடை வருது!"

"முன்னாடி அவர் போய்க்கிட்டிருக்காரு. இப்ப நிறுத்தினா என் மானம் என்னாவறது?"

அடுத்த மேட்டில் கார் தானாகவே நின்றது. நூலகர் கொதிக்கும் எஞ்சினில் ஒரு பாட்டில் ஐஸ் தண்ணீரைக் கவிழ்த்தார். உள்ளே ஏதோ படீரென்றது.

சகலை திரும்பி வந்து மெக்கானிக்கை வரவழைத்தார். மெக்கானிக் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிக் காட்டினார். எஞ்சின் ஆயில் பால் கலந்த காபிபோல் இருந்தது.

"ஹெட் கேஸ்கெட் போச்சு சார், தண்ணி ஆயில்ல கலந்துடுச்சு. ஹெட்டும் விரிசல் விட்டிருக்கும். நல்லா இருந்த வண்டியாச்சே, என்ன செஞ்சீங்க?"

எல்லோரும் சகலையின் காரில் ஏறினார்கள். வழியெல்லாம் மேடு, நெரிசல். முள் கால்வாசியிலேயே நின்றது.

"மறைக்காம சொல்லுங்க சகலை. இதை எப்படி இங்கயே நிக்க வெச்சிருக்கீங்க?"

சகலை சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பின்சீட்டிலிருந்து மச்சினிதான் பதில் சொன்னாள்:

"பசை போட்டு ஒட்டித்தான் அத்தான். உங்க வண்டி முள் பாதியைத் தாண்டினதே இல்லைன்னு ஒருநாள் தெரியாத்தனமா இவர்கிட்ட புகழ்ந்துட்டேன்."