தரங்கம்பாடிக்கு நான்கு திருத்தங்கள்

முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்த்தியவனுக்கு, ஓய்வு பெற்ற பத்தாவது நாள் ஓர் உண்மை உறைக்கும். வீட்டில் எந்தக் காரியமும் அவன் கையொப்பத்துக்காகக் காத்திருப்பதில்லை. பால் வருகிறது, சிலிண்டர் வருகிறது, மோட்டார் பழுதாகிறது, தானாகவே யாரோ வந்து சரிசெய்துவிட்டும் போகிறார்கள். ஒன்றுக்கும் குறிப்பாணை கிடையாது. இந்த நிலையில் யாராவது அனுமதி கேட்டு எதிரே வந்து நின்றால் அவன் எப்படி நடந்துகொள்வான் என்பதற்கு நானே சாட்சி. (குற்றவாளியும் நானே.)

வந்து நின்றவள் என் மகள் கயல்விழி. பொறியியல் கடைசி ஆண்டு. செமஸ்டர் விடுமுறை முடிந்ததும் புனேயில் ஆறு மாதப் பயிற்சிக்குப் போக வேண்டும். அவளுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றவன் அவள் தம்பி இனியன். முதலாம் ஆண்டு. பேசுவதற்கு வரி விதிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பவன். இரண்டு பேரும் எங்கள் சின்ன காரை எடுத்துக்கொண்டு, தாங்களாகவே, முதல்முறையாக ஒரு பயணம் போக வேண்டுமாம். தரங்கம்பாடிக்கு. கயல் ஒரு வருடமாகக் கல்லூரிக்கே காரில்தான் போய் வருகிறாள் என்பதால் ஓட்டுவது பற்றி எனக்கு ஐயமில்லை. திட்டத்தைக் காட்டு என்றேன். போனை நீட்டினாள். "வெள்ளி காலைல கிளம்பறோம். கடல் பாக்கறோம். சனி சாயந்திரம் வர்றோம்." அவ்வளவுதான்.

"இது திட்டமா?"

"பின்ன இன்னாப்பா?"

கொள்கை அளவில் ஒப்புதல் தருவதாகவும், விரிவான நிகழ்ச்சி நிரல் தயாரானபின் இறுதி முடிவு தெரிவிக்கப்படும் என்றும் சொன்னேன். என் மனைவி சாந்தி சமையலறையிலிருந்து, சரின்னு ஒரு வார்த்தை சொன்னால் வாய் வலிக்குமா என்று கேட்டாள். வாய் வலிக்காது. ஆனால் அது வாய்மொழி உத்தரவு. வாய்மொழி உத்தரவை நம்பிக் காரியம் செய்து தற்காலிகப் பணிநீக்கத்தில் போனவர்கள் மூன்று பேரை எனக்குத் தெரியும். அதில் ஒருவர் எனக்கு மேலதிகாரி.

நிரலைத் தயாரிக்க மூன்று நாள் ஆயிற்று. இரண்டு பக்கம், ஐந்து பத்திகள்: வரிசை எண், நேரம், இடம், செய்ய வேண்டியது, குறிப்பு. யூனியன் பிரதேசமான எங்கள் பக்கத்தில் மாநில எல்லை என்பது வயல்வரப்பு மாதிரி. எங்கள் ஊரான வில்லியனூரில் ஏறி பாகூர் பக்கம் போய்ச் சேருவதற்குள் தமிழ்நாடு இரண்டு முறை குறுக்கே வந்து விலகும். அதையெல்லாம் "புகுதல்", "மீளுதல்" என்று நிமிடக் கணக்கோடு பதிந்திருந்தேன். நடுவில் ரெண்டு நிமிஷம் தமிழ்நாடு வருதே, அதற்கு ஏதாவது செய்ய வேண்டுமா என்று இனியன் கேட்டான். கவனத்தில் கொண்டால் போதும் என்றேன்.

கடைசியில் ஏழு விதிகள். அவற்றில் நான்காவது இது: "குறித்த நேரத்துக்கு வாகனம் புறப்படும். வராதவர்களுக்காக ஒரு நிமிடமும் காத்திராது." குளியலறைக்குள் போனால் நாற்பது நிமிடம் கழித்தே வெளிவரும் இனியனை மனத்தில் வைத்து எழுதியது.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். பழக்கதோஷம், நகல் அனுப்பாமல் இருக்க முடியவில்லை. நாற்பத்தொரு பேர் இருக்கும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்த நிரலைப் போட்டு, "தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும்" என்று கீழே எழுதினேன். அலுவலகத்தில் இந்த வரியைப் பார்த்து யாரும் ஒரு துரும்பையும் அசைத்ததில்லை. குடும்பம் அப்படியில்லை என்பது எனக்குத் தோன்றவில்லை.

வினை வரிசை எண் ஆறில் இருந்தது. "07.10, சோரியாங்குப்பம், ஏழுமலை மாமா வீடு, தேநீர் (15 நிமிடம்)." ஏழுமலை என் மனைவியின் அண்ணன். போகிற வழியில் வீடு. இறங்காமல் போனால் மரியாதையாக இருக்காது.

பத்தே நிமிடத்தில் பண்டசோழநல்லூரிலிருந்து என் அக்கா பவுனு கூப்பிட்டாள்.

"ஏண்டா, தாய்மாமன் வூட்ல டீ குடிக்குதுங்க. அத்த வூட்ல ஒரு வாய் தண்ணி எறங்காதா?"

அவள் வீடு பிள்ளைகள் போகும் வழியில் இல்லை, வேறு பக்கம் என்று விளக்கினேன். ரோட்டைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று வைத்துவிட்டாள். இதில் ஒரு முன்கதை உண்டு. கயலின் மஞ்சள் நீராட்டு விழா பேனரில் ஏழுமலையின் படம் அக்கா படத்தைவிட ஒரு சாண் பெரிதாக விழுந்துவிட்டது. அன்றிலிருந்து இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்ததில்லை. பேனரைக் கழற்றி மாட்டுக்கொட்டகைக் கூரைக்குப் போட்டு, அதுவும் கிழிந்தாகிவிட்டது. கோபம் கிழியவில்லை.

ஆகவே திருத்தம் எண் 1. அக்கா வீட்டிலும் பதினைந்து நிமிடத் தேநீர், வரிசை எண் நான்கு.

அரை மணியில் ஏழுமலை. "மாப்ள, நான் ஒண்ணும் சொல்லல. நாலாம் நம்பர் பெருசா, ஆறாம் நம்பர் பெருசா, அத மட்டும் சொல்லு."

திருத்தம் எண் 2. அக்கா வீட்டுக்கு 4(அ), ஏழுமலை வீட்டுக்கு 4(ஆ). இப்படி ஒரு தீர்வைக் கண்டுபிடித்ததற்காக அன்று மாலை என்னை நானே மெச்சிக்கொண்டு இரண்டாவது காபி கேட்டேன். காபி டம்ளரைக் கொண்டுவந்தவள் கயல். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அப்பா, புனேவுல ஆறு மாசம். அப்பறம் வேல. எங்க போடுவாங்கன்னு தெரியாது. நானும் இனியனும் இதுவரைக்கும் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும்தான் ஒண்ணா போயிருக்கோம். அதுவும் பின்சீட்டுல, மடியில சீர்த்தட்ட வெச்சிக்கினு. அவன் என்கிட்ட பேசறதே வண்டில போறப்பதான். ரெண்டே நாள். விட்டுடுங்க."

கோரிக்கை பரிசீலனையில் உள்ளது என்றேன். (நிஜமாகவே அப்படித்தான் சொன்னேன். என்னை அடிக்காமல் போனது அந்தப் பெண்ணின் பெருந்தன்மை.)

பரிசீலித்திருப்பேன். அதற்குள் ஏழுமலை, வயசுப் பிள்ளைகள் முன்பின் தெரியாத ஊரில் லாட்ஜில் தனியாகத் தங்குவதா, துணைக்குத் தான் வருவதாகக் குழுவில் அறிவித்தார். அவர் வந்தால் அவர் மனைவியும் வருவார். அத்தை என்று ஒருத்தி உயிரோடு இருக்கும்போது மாமன் மட்டும் துணைக்குப் போவதா என்று அக்கா கேட்டாள். அக்கா வந்தால் அவள் மருமகள், மருமகள் வந்தால் அவள் பிள்ளைகள். திருத்தம் எண் 3 இவர்களையும், இவர்களோடு என்னையும் சாந்தியையும் அனுமதித்தது. திருத்தம் எண் 4 வருமாறு: "பயணிகள் 2 என்பதற்குப் பதில் 16 எனப் படிக்கவும். வாகனம் கார் என்பதற்குப் பதில் கார் மற்றும் வேன் எனப் படிக்கவும்." வேனுக்குப் பின்னால் பிள்ளைகள் காரில் வருவார்கள். எல்லாரையும் திருப்திப்படுத்திவிட்டேன், இரண்டு பேரைத் தவிர.

இனியன் அதைப் படித்துவிட்டு, சூப்பர்ப்பா என்று சொல்லி அறைக்குள் போய்விட்டான். கயல் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. நிதானமாகக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நாலாவது திருத்தத்துக்கு அப்பறமும் விதி நாலு அப்படியேதான் இருக்குதா?"

இந்த வீட்டில் ஒருவழியாக ஒருத்தி என் காகிதத்தை முழுசாகப் படிக்கிறாளே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. "ஏனைய விதிகளில் மாற்றமில்லை," என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்பாடு. வேன் எப்படியும் அக்கா வீட்டு வாசலுக்குப் போகத்தான் போகிறது. ஆனாலும் ஜன்னல் சீட்டு பிடிப்பதற்காக அக்கா குடும்பம் வில்லியனூருக்கே வந்து ஏறுவதாக முடிவு. இதைக் கேள்விப்பட்ட ஏழுமலை குடும்பமும் அதே முடிவு. ஆறுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது இவர்களில் ஒருவரும் வரவில்லை. வேனும் வரவில்லை. நான் மொட்டைமாடியில் வரிசை எண் ஒன்றை (தண்ணீர்த்தொட்டி மூடி சரிபார்த்தல்) நிறைவேற்றிக்கொண்டிருந்தேன். கீழே கார் பின்னால் நகர்ந்து தெருவுக்கு வந்து நின்றது. முன்சீட்டில், தலையெல்லாம் வாரிக்கொண்டு, இனியன். பிறந்ததிலிருந்து அவன் எதற்கும் நேரத்துக்குத் தயாராகி நான் பார்த்ததில்லை. சாந்தி ஜன்னல் வழியாக ஒரு டிபன் கேரியரைக் கொடுத்தாள். கயல் தலையை வெளியே நீட்டி மேலே பார்த்தாள்.

"அப்பா, மணி ஆறு."

"இன்னும் யாரும் வரலியே."

"அதான்," என்றாள்.

கார் தெருமுனையில் திரும்பி மறையும்வரை என் கையில் தொட்டி மூடி இருந்தது.

ஏழே முக்காலுக்கு வேன் வந்தது. எட்டேகாலுக்குள் பன்னிரண்டு உறவினர்களும் வந்து சேர்ந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். உடனே அக்கா, "திரும்பி வரச் சொல்லுடா," என்றாள். "அதான் சரி," என்றார் ஏழுமலை. பேனருக்குப் பின் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது. ஸ்பீக்கரில் போடச் சொன்னார்கள். போட்டேன்.

கயல் சிதம்பரத்துக்கு அந்தப் பக்கம் வண்டியை ஓரம்கட்டிவிட்டுத்தான் பேசினாள். பின்னணியில் இனியன் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது கேட்டது, சட்டென்று நின்றது.

"திரும்பி வரணுமாப்பா?"

வா என்றால் வந்துவிடுவாள். அதுதான் சங்கடம். எதிர்த்துப் பேசுகிற பிள்ளை என்றால் நானும் அப்பனாகக் கத்திவிட்டுப் போயிருப்பேன். இவள் விதியைப் படித்துவிட்டுக் கேட்கிறாள். பன்னிரண்டு முகங்களும் என்னைப் பார்த்தன. சாந்தி மட்டும் பார்க்கவில்லை, வாசல் கோலத்தை மிதிக்காமல் நகரும்படி அக்கா பேரனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் அன்று காலை அந்த டிபன் கேரியரில் புளியோதரை இரண்டு பேருக்கு மட்டும் கட்டப்பட்டிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"நீ எத்தன மணிக்குக் கெளம்புன?" என்று கேட்டேன்.

"ஆறு."

"அப்ப யார்னா வந்திருந்தாங்களா?"

"நீங்க மாடில இருந்தீங்க. வேற யாரும் வரல."

"அப்ப விதி நாலு. நீ போம்மா."

முப்பத்து நான்கு ஆண்டுப் பணியையும் சேர்த்து, நான் பிறப்பித்த ஒரே வாய்மொழி உத்தரவு அது. போனை வைத்ததும் அக்கா என் முகத்துக்கு நேராகக் கேட்டாள்: "நீ அப்பனா, ஆபீசா?"

வேன் பேசியாயிற்று, புதுப் புடவை கட்டியாயிற்று. யாரும் வீட்டுக்குத் திரும்பத் தயாராக இல்லை. ஆகவே பிள்ளைகளின் பயணத்துக்குப் பிள்ளைகள் இல்லாமல் பதினான்கு பேர் புறப்பட்டோம். பண்டசோழநல்லூரில் பதினைந்து நிமிடத் தேநீர் என்பது இட்லி, வடை, கேசரி, கரும்புச்சாறு எனப் படிக்கவும். இரண்டேகால் மணி நேரம். அக்கா வீட்டில் கேசரி என்றால் ஏழுமலை விடுவாரா? சோரியாங்குப்பத்தில், அவர் போனில் சொல்லிப் பக்கத்து வீட்டில் ஏற்றவைத்த ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அது வேகும்வரை காத்திருந்து, தின்று முடித்தபோது மணி மூன்று.

இதற்கிடையில் கயலிடமிருந்து குழுவில் அறிக்கைகள் வந்தபடி இருந்தன. என் படிவத்தில், என் பத்திகளோடு. ஏழுமலை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் உரக்கப் படித்தார். "09.10, சீர்காழி. சாலை நன்று. இனியன் விழித்திருக்கிறான்." "09.55, தரங்கம்பாடி. கடல் இடத்தில் உள்ளது." கடைசியாக, "குறிப்பு: நிரலில் 4(அ), 4(ஆ) எனக் கண்ட தேநீர்கள் கைவிடப்பட்டன. காரணம், வழங்க வேண்டியவர்கள் வேனுக்காகக் காத்திருந்தமை."

முதலில் சிரித்தது அக்காதான். அப்புறம் ஏழுமலை. இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து, வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு, என் சிறுவயதுக் கிறுக்குத்தனங்களை அக்காவும் மாப்பிள்ளையான பின் வந்த கிறுக்குத்தனங்களை ஏழுமலையும் மாற்றி மாற்றி எடுத்துவைத்தார்கள். பட்டியல் நீளமாக இருந்தது. பேனர் விவகாரம் அந்தப் பாயில்தான் முடிவுக்கு வந்தது. என்னைத் திட்டுவது என்ற பொதுநோக்கம் அவர்களைச் சேர்த்துவைத்தது.

நாலரை மணிக்கு டிரைவர் வந்து, சார், தரங்கம்பாடின்னுதானே சொன்னீங்க என்று பணிவாகக் கேட்டார். எல்லாருமாகத் தென்பெண்ணைக் கரைவரை நடந்துபோய், மணலுக்கு அந்தப் பக்கம் தெரிந்த கடலூர் மாவட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வேனில் ஏறி வீடு திரும்பினோம். இரண்டிரண்டு நிமிடமாக வந்துபோன தமிழ்நாட்டைக் கழித்துவிட்டால், நாள் முழுக்கப் பயணம் செய்து மாநிலத்தை விட்டு நாங்கள் வெளியேறவே இல்லை.

பிள்ளைகள் சனிக்கிழமை மாலை ஐந்து ஐம்பத்தைந்துக்கு வந்து சேர்ந்தார்கள். நிரலுக்கு ஐந்து நிமிடம் முன்னதாக. இரண்டு நாளும் என்ன பேசினீர்கள் என்று சாந்தி கேட்டதற்கு, இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். எங்களுக்குச் சொல்லவில்லை. நானும் அறிக்கை கேட்கவில்லை.

செய்து முடித்த காரியத்துக்குப் பிறகு ஒப்புதல் வாங்குவதை அலுவலக மொழியில் பின்னேற்பு என்பார்கள். கயல் அந்தச் சொல்லை எங்கிருந்து பிடித்தாளோ தெரியவில்லை, புனேக்குப் போன இரண்டாம் மாதம், இனியனோடு ஏதோ ஒரு மலையுச்சியில் நின்று எடுத்த படத்தை அனுப்பி, கீழே "பின்னேற்பு வேண்டி" என்று எழுதியிருந்தாள். அவன் ரயிலேறியதே எனக்குத் தெரியாது. "ஏற்கப்பட்டது" என்று பதில் போட்டேன். அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் கிளம்புவதற்கு முன் என்னிடம் சொல்வதில்லை. போய்ச் சேர்ந்தபின் படம் வரும், நான் ஏற்பேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சாந்தி வில்லியனூர் மார்க்கெட்டுக்குப் போனவள் மதியமாகியும் வரவில்லை. இரண்டு மணிக்குக் குழுவில் ஒரு படம் வந்தது. வேளாங்கண்ணிக் கடல். முழங்கால் தண்ணீரில் நடுவில் சாந்தி, ஒரு பக்கம் ஏழுமலை, மறுபக்கம் அக்கா, மூன்று பேர் கையிலும் வறுத்த மீன். அக்கா எட்டாம் வகுப்பு தாண்டாதவள், கட்டைவிரலால் எழுத்து எழுத்தாகத் தட்டியிருக்க வேண்டும். "பின்னேற்ப்பு வேண்டி," என்று போட்டு, "சாம்பார் பிரிஜ்ல கீது, சுட வெச்சிக்க" என்றும் சேர்த்திருந்தாள்.

சாம்பாரைச் சுடவைத்துக்கொண்டே ஏற்றேன்.