இருநூற்றுப் பன்னிரண்டு கிராம்

அன்பிற்குரிய மாப்பிள்ளைக்கு, உங்கள் அக்காள் கணவன் எழுதுவது. இங்கே நானும் அக்காவும் சுகம். அங்கே கத்திப் பட்டறையும் உங்கள் பத்து விரல்களும் குறைவின்றி இருக்கும் என நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அக்காவின் பெரிய சமையல் கத்தியில் கைப்பிடி ஆட்டம் கண்டு மூன்று வாரம் ஆகிறது. புதுப் பிடி நானே போட்டுத் தருகிறேன் என்றேன். அவளும் சரி என்றாள். ஓய்வு பெற்ற இந்த எட்டு மாதத்தில் அவள் என்னை நம்பி ஒப்படைத்த முதல் வேலை இது. இதிலும் கோட்டை விட்டால் இனி ஒரு பல்பு மாற்றக்கூட என்னைக் கூப்பிட மாட்டாள் என்று பயமாக இருக்கிறது.

நீங்கள் வெளியூர் போயிருந்தபோது பட்டறையிலிருந்து ரெசின் டப்பா, கண்ணாடி ஜாடி, காற்றை உறிஞ்சும் பம்பு எல்லாம் எடுத்து வந்தேன். அங்கிருந்த மரக்கட்டைகளில் இருப்பதிலேயே கனமான கறுப்புக் கட்டையாகப் பொறுக்கினேன். கெட்டியான பிடிக்குக் கெட்டி மரம்தானே வேண்டும்? மரத்தை ரெசினில் முக்கி உறிஞ்சினால் உள்ளேயிருக்கும் காற்று குமிழியாக வெளியேறும், பம்பை நிறுத்தியதும் அந்த இடத்தில் ரெசின் போய் உட்காரும், சூட்டில் வைத்தால் இறுகும், பிடி தண்ணீரில் ஊறாது, வெடிக்காது, எடை கூடும் என்று டப்பாவில் போட்டிருந்தது. முப்பத்து நான்கு வருடம் தபால் நிலையத்தில் பார்சல் நிறுத்தவன் நான், எடை விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியாது. போடும்போது 212 கிராம். நாலைந்து குமிழி வந்து நின்றது. எடுத்துத் துடைத்தால் அதே 212. சரி, ஊறட்டும் என்று இரண்டு நாள் விட்டேன். 213! அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கட்டையை வாங்கி ஒருமுறை துடைத்து வைத்தாள். 212. அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். ஈரம் இருக்குமோ என்று ஓவனில் காயவைத்தேன். 211. குடிக்கச் சொன்னால் இருந்ததையும் கக்குகிறது.

பம்பில்தான் கோளாறோ என்று பார்க்க அக்காவின் மரக்கரண்டியை ஜாடிக்குள் விட்டேன். சோடா மாதிரி பொங்கியது மாப்பிள்ளை. ஓவனிலிருந்து எடுத்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை, கிட்டத்தட்ட ஒரு சுத்தியல். கீழ்வீட்டுக்காரர் வந்து பெயிண்ட் அடிக்கிறீர்களா என்று விசாரித்துவிட்டுப் போனார். அதே பம்பு, அதே ரெசின். கரண்டி குடிக்கிறது, கட்டை மாட்டேன் என்கிறது. மரம் காய்ந்ததோ இல்லையோ, எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

இன்னொரு குழப்பம். பெரிய கத்தி துணி சுற்றி இழுப்பறையில் கிடக்கிறது. பழம் நறுக்கும் சின்னக் கத்தியோடு மல்லுக்கட்டுவதாக அக்கா சொல்கிறாள். ஆனால் தட்டில் முட்டைக்கோஸ் நூல் நூலாக விழுகிறது. அவள் பொறுமையை நினைத்தால் கண் கலங்குகிறது. நான் வேலை தொடங்கிய இரண்டாம் நாளே நீங்கள் அவளுக்குப் போன் செய்தீர்களாம்; 'சும்மா நலம் விசாரிச்சான்' என்றாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா? நான் போனில் கேட்டால் அவள் காதில் விழும் என்பதால்தான் இந்தக் கடிதம்.

தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். பட்டறையும் நீங்களும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
குழம்பிப்போயிருக்கும் அத்தான்

பின்குறிப்பு: நான் உறை தேடிப் போன நேரத்தில் அக்கா இதை முழுக்கப் படித்துவிட்டாள். நேராக இழுப்பறையைத் திறந்து கத்தியை என் கையில் வைத்தாள். பழைய பிடிதான், துளி ஆட்டம் இல்லை. தெருவில் வந்த பூட்டு ரிப்பேர்க்காரர் மூன்றாம் நாளே ஆணியை இறுக்கிக் கொடுத்துவிட்டாராம். நீங்கள் அன்று போனில் அவளிடம் சொன்ன விஷயமும் வெளியே வந்தது: கெட்டி மரம் ரெசினைக் குடிக்காது, அதற்கு அது தேவையும் இல்லை, அப்படியே செதுக்கிப் பிடி போடலாம், இலேசான மரத்துக்குத்தான் இந்தப் பாடெல்லாம்.

"ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா மறுநாளே சமையக்கட்டுல வந்து நின்னு உப்பை நிறுத்துப் பாப்பீங்க. மூணு வாரமா நிம்மதியா சமைக்கிறேன்" என்றாள்.

எட்டு மாதமாகச் சமையலறையில் நின்று உப்பை நிறுத்ததை நான் உதவி என்று நினைத்திருந்தேன். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடுங்கள், பதிலும் வேண்டாம். இலேசான கட்டை ஒன்று மட்டும் அனுப்பிவையுங்கள். அது டப்பா முழுவதையும் குடித்துத் தீர்த்தாலும், அக்கா கேட்டால் எடை இன்னும் ஏறவில்லை என்றுதான் சொல்லப்போகிறேன்.